தொடாத காசு தானாக வளராது

முத்து,

நேற்று சாயங்காலம் நீ போனில் கேட்ட கேள்விக்கு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அப்பாவுக்குக் கோபமோ என்று நினைத்திருப்பாய். கோபமில்லை, தாயி. "அப்பா, மொத சம்பளம் வந்துருச்சு. மாசாமாசம் கொஞ்சம் ஷேர்ல போடலாம்னு இருக்கேன். டிவிடெண்ட் வந்தா என்ன செய்யணும்?" என்று நீ கேட்டதும் போனைப் பிடித்தபடியே உன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். உலகத்தில் இத்தனை பேர் இருக்க, டிவிடெண்டைப் பற்றி என்னிடமா கேட்கிறாய்? பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த உன் அம்மா, "நல்ல ஆளாப் பாத்துத்தான் கேட்டிருக்கா, போங்க" என்று சொல்லி, மடியிலிருந்த தோலெல்லாம் கொட்டும்படி சிரித்தாள். சிரிக்கட்டும். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷமாயிற்று. இதையெல்லாம் போனில் சொல்லப் போனால் பாதியில் அழுதுவிடுவேன், இல்லை வழக்கம்போலச் சத்தம் போட்டுவிடுவேன். அதனால்தான் பாலக்காட்டில் நீ தங்கியிருக்கும் விடுதிக்கு எழுதுகிறேன். நான் உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. டூட்டி இல்லாத நாளில் உட்கார்ந்து நிதானமாகப் படி.

நான் பங்கு வாங்கிய கதை உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். உனக்குத் தெரிந்தது நான் சொன்ன கதை. நடந்தது வேறு. நீ பிறப்பதற்கு முன்னால், தேயிலைத் தொழிற்சாலையில் நான் ஃபிட்டராகச் சேர்ந்து சில வருஷமானபோது, கோயம்புத்தூரிலிருந்து உதிரி சாமான் கொண்டுவரும் ஒரு விற்பனையாளர் மாதம் ஒரு முறை வருவார். கொழுந்து வாட்டும் காற்றாடி, அரைக்கும் மெஷின், உலர்த்தும் அடுப்பு எல்லாவற்றிலும் பேரிங் உண்டு. ராத்திரி பகல் பாராமல் ஓடும் மெஷினில் பேரிங் தேய்ந்துகொண்டே இருக்கும். தேய்ந்தால் மாற்றவேண்டும், மாற்றுகிறவன் நான். எந்தக் கம்பெனிப் பெட்டியைப் பிரித்தால் நிம்மதி, எதைப் பிரித்தால் ஆறு மாதத்தில் மறுபடி ஸ்பேனரைத் தூக்கவேண்டும் என்று என் கைக்குத் தெரியும். அந்த நல்ல கம்பெனி பங்கு வெளியிடுகிறது என்று அவர் ஒரு விண்ணப்பத்தைக் கொண்டுவந்து நீட்டினார். "ஏனுங்க, இத்தன வருசமா அவங்க பேரிங்க வாங்கறீங்க. கம்பெனியையே ஒரு துளி வாங்கிப் போடுங்களேன்" என்றார். அந்த வருஷத்து போனஸ் கையில் இருந்தது. உன் அம்மா ஒரு ஜோடித் தோட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் நூறு பங்குக்கு எழுதிப் போட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. என் வாழ்க்கையில் காசு விஷயத்தில் நான் எடுத்த ஒரே புத்தியுள்ள முடிவு அதுதான்.

அடுத்த முறை வந்தபோது அவர் இன்னொன்றும் சொன்னார். "டிவிடெண்ட் வந்தா செலவு பண்ணிப்போடாதீங்க. அதையும் மறுக்காப் பங்குலயே போடுங்க. அப்பறம் அதுக்கும் சேர்த்து டிவிடெண்ட் வருமுங்க. இருவது வருசம் போகட்டும், நீங்களே என்னைத் தேடி வருவீங்க." சொன்னது சத்திய வாக்கு. அவர் மேல் குற்றமே இல்லை. எப்படிப் போடுவது என்று நான் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தவன் மாதிரித் தலையை ஆட்டிவிட்டேன். எஸ்டேட்டில் பிறந்து எஸ்டேட்டில் வளர்ந்தவனுக்குச் சேமிப்பு என்றால் ஒன்றுதான் தெரியும், பி.எஃப். சம்பளத்தில் அவர்களே பிடிப்பார்கள். நாம் தொடமுடியாது. தொடாமலே அது எங்கேயோ குட்டி போட்டுக்கொண்டிருக்கும். ஓய்வு கொடுத்துப் பெயர் வெட்டுகிற நாளில் மொத்தமாக வரும். என் அப்பாவுக்கு அப்படித்தான் வந்தது, சித்தப்பாவுக்கும் அப்படித்தான். இடையில் லோன் போட்டு எடுத்தவர்களெல்லாம் கடைசியில் தலையில் துண்டு போட்டுக்கொண்டு போனார்கள். ஆகவே, டிவிடெண்டைத் திரும்பப் பங்கில் போடு என்றால், வருகிற செக்கை மாற்றாமல் விடு, கம்பெனியே அந்தக் காசைப் பங்கில் சேர்த்துக்கொள்ளும் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். நினைத்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஒரு நட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று பார்க்காமல் ஸ்பேனரை வைக்காதவன் நான்.

வருஷா வருஷம் தபாலில் டிவிடெண்ட் வாரண்ட் வரும். செக் மாதிரியே இருக்கும், மூன்று மாதத்துக்குள் பேங்கில் போடவேண்டும். நான் அதை எஸ்டேட் ஆபீஸில் வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்து, பிஸ்கட் டின்னில் போட்டுப் பூட்டிவிடுவேன். டின்னுக்குப் பூட்டு மாட்டக் கொக்கி வைத்ததும் நானே. "உங்க சின்ன வீடு எப்படி இருக்கா? தலைக்குக் குளிச்சாளா?" என்று உன் அம்மா கேலி பண்ணுவாள். இதில் பெரிய கூத்து என்னவென்றால், நீ மூன்றாவதோ நான்காவதோ படிக்கும்போது கம்பெனி ஒன்றுக்கு ஒன்று போனஸ் பங்கு கொடுத்தது. தபாலில் இன்னொரு நூறு பங்குக்குப் பத்திரம் வந்து நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. விட்டுவைத்த டிவிடெண்டெல்லாம் பங்காகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். கம்பெனி தன் பங்குதாரர்கள் எல்லோருக்கும் கொடுத்தது அது, டிவிடெண்டை மாற்றித் தின்றவனுக்கும் கிடைத்திருக்கும். எனக்கோ நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பதற்குச் சாட்சியே வந்தது போலாயிற்று. அன்றைக்கு உங்களுக்குப் பரோட்டாவும் கறியும் வாங்கிக்கொண்டு வந்தேனே, அது இதற்காகத்தான்.

இப்போது சொல்லப்போவதை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. பத்தாம் வகுப்பில் உன் பள்ளிக்கூடத்தில் மைசூருக்குச் சுற்றுலா போனார்கள். பணம் கட்டக் கடைசி நாள். அந்த மாதம் தீபாவளி அட்வான்ஸைப் பிடித்ததில் சம்பளம் கையில் வராமலே போயிருந்தது. அந்த வாரம்தான் ஒரு வாரண்ட் வந்தது, உன் சுற்றுலாவுக்குக் கட்டியும் மிச்சமிருக்கும் தொகை. "அப்பா, இந்த ஒரு தடவ மட்டும் இத மாத்திக் குடுங்கப்பா" என்று நீ கதவுக்குப் பக்கத்தில் நின்று கேட்டாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேனெடுக்கிறவன் கூட்டக் கலைச்சா அடுத்த வருசம் நக்குறதுக்குக்கூட இருக்காது. போய்ப் படி." உன் அம்மா, "புள்ள ஆசப்பட்டுக் கேக்குது, ஒங்க கம்பெனி குடி முழுகியா போயிரும்?" என்று சண்டைக்கு வந்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன். மூன்று நாள் உன் கூட்டாளிகளெல்லாம் மைசூரில் இருக்க, நீ காலியான வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்தாய். அந்த வாரண்ட் டின்னுக்குள் கிடந்து மூன்று மாதத்தில் வெறும் காகிதமாயிற்று. உன் ஆசையையும் கெடுத்தேன், காசையும் கெடுத்தேன்.

எஸ்டேட் கொடுத்த நம் லயத்து வீட்டின் சட்டம் உனக்கு நன்றாகத் தெரியும். வீட்டில் ஒருவர் பெயர் எஸ்டேட் பதிவில் இருக்கும்வரைதான் வீடு. நான் ஓய்வு பெற்றபோது உன் அம்மா கொழுந்தெடுத்துக்கொண்டிருந்ததால் வீடு நின்றது. அவளுக்கும் நாள் நெருங்கியபோது எனக்கு ஒரு சொட்டுக் கவலை கிடையாது. "பங்க வித்தா வண்டிப்பெரியார்லயே நாலு செண்டும் வீடும் வாங்கிருவேன்" என்று டீக்கடையில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீ லேப் டெக்னீஷியன் படிப்பை முடித்து, பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்கு உத்தரவும் கையில் வைத்திருந்தாய். ஒரு மத்தியானம், வெளியே மழை ஊற்றிக்கொண்டிருக்க, நான் கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவன் மாதிரிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து டின்னைத் திறந்தேன். எல்லாவற்றையும் பாயில் பரப்பி, "படிச்ச புள்ள, பாரு" என்று உன்னிடம் தள்ளினேன். நீ ஒவ்வொன்றாக எடுத்துத் தேதி வாரியாக அடுக்கினாய். அடியிலிருந்து பிரிக்காத இரண்டு உறைகளை எடுத்தாய். அவையும் டிவிடெண்ட் சமாச்சாரம்தான் என்று நான் பிரிக்காமலே போட்டிருந்தேன். இங்கிலீஷில் இருக்கும், உனக்குக் காட்டலாம் என்று தோன்றவில்லை. இல்லை, பொய் சொல்லக்கூடாது, காட்ட மனமில்லை. எனக்குப் புரியாதது ஒன்று வீட்டில் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்ற திமிர்.

நீ படித்தாய். மறுபடி படித்தாய். "அப்பா, நீங்க ஒரு வாரண்டக்கூட பேங்க்ல போடலயா?" என்றாய். "போடல. விட்டு வச்சாத்தான வளரும்" என்று மீசையைத் தடவினேன். உன் முகம் வெளுத்ததைப் பார்த்து உன் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். "ஏழு வருசம் தொடர்ந்து டிவிடெண்ட வாங்காம விட்டா, அந்தக் காசும் போயிரும், அந்தப் பங்கும் கவர்மென்ட் நிதிக்குப் போயிரும்ப்பா. வந்து வாங்கிக்கங்கன்னு ரெண்டு லெட்டர் போட்டிருக்காங்க. தேதி முடிஞ்சு நாலு வருசமாச்சு. இப்ப இது நம்ம பேர்ல இல்ல" என்றாய். முத்து, அந்த நேரத்தில் நீ அழுதிருந்தால், திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். நீ மெதுவாக, ஆஸ்பத்திரியில் ரத்த ரிப்போர்ட் சொல்கிற மாதிரிச் சொன்னாய். நான்தான் கத்தினேன். கம்பெனிக்காரனைத் திட்டினேன், கவர்மென்டைத் திட்டினேன், அந்த நல்ல மனுஷன் விற்பனையாளரைத் திட்டினேன், கடைசியில் உன்னையும், "நீ படிச்ச லட்சணம் இதுதானா, சரியாப் படி" என்று வைதேன். உன் அம்மா பாயிலிருந்த காகிதங்களைப் பொறுக்கித் திரும்ப டின்னில் வைத்தாள். அவள் கேலி பண்ணாதது அன்று ஒரு நாள்தான், அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் நீ வாசலில் நின்று பாலக்காட்டுக்குப் போன் பேசினாய். நான் உள்ளே படுத்திருந்தேன், தூங்கவில்லை. "இப்போ வரான் பற்றில்லா சாரே. வீட்டில் ஒரு ஆவஸ்யம்" என்று, இப்போது வரமுடியாதென்பதை மலையாளத்தில் சொன்னாய். அவர்கள் என்னவோ கேட்டார்கள். "இல்லா சாரே, வேறெ ஆளெ நோக்கிக்கோளூ" என்றாய். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என் மகள் சொல்கிறாள், நான் போர்வைக்குள் இருக்கிறேன். எழுந்து வந்து, "கெடச்ச வேலைய ஏந்தாயி விடுற, நாங்க எங்கயாவது கெடந்துக்குறோம்" என்று சொல்லியிருக்கவேண்டும். போர்வையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டேன். வேறு போக்கிடம் இல்லை, உன் அம்மாவுக்கு முட்டி வலி, என் பி.எஃப். பழைய கடனை அடைக்கவே போயிருந்தது, சேமிப்புக் கணக்கில் இருந்தது இரண்டு மாத வாடகைக்குக் காணாது. அடுத்த திங்கட்கிழமை நீ ஆபீஸில் பெயரைப் பதிந்தாய். காலைப் பெரட்டில், வரிசையில் நின்று பெயர் கூப்பிட்டதும் கையைத் தூக்குகிற இடத்தில், உன் அம்மாவின் பழைய சாக்குப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றாய். அந்த வேலை இழிவென்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். உன் அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் எடுத்த கொழுந்தில்தான் நீ படித்தாய். ஆனால் அவள் தெரிந்தெடுத்துப் போன வேலை அது. நீ என் டின்னுக்குப் பிணையாகப் போனாய்.

மூன்று வருஷம். அட்டைக்கடியோடு வந்து, சுடுதண்ணீரில் காலை வைத்துக்கொண்டே நீ காகிதங்களைப் பார்ப்பாய். "போனது கெடைக்கும்ப்பா. நிதிக்குத்தான் போயிருக்கு, காணாமப் போகல" என்று நீ முதலில் சொன்னபோது நான் நம்பவில்லை. விண்ணப்பம் கம்ப்யூட்டரில் போடவேண்டும், பத்திரத்தாளில் உறுதிமொழி எழுதவேண்டும், பங்குப் பத்திரமும் அடையாளமும் சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்பவேண்டும், அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அடுத்த படி. டவுனில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஷைனியிடம் மாதத்தில் இரண்டு ஞாயிறு நம் வீட்டுக் கச்சேரிதான். முதல் தடவை என் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஃபிட்டராகச் சேர்ந்த வயசில் தமிழில் முழுப்பெயரையும் ஆட்டோகிராஃப் மாதிரி வளைத்துப் போட்டவன், இப்போது கை நடுங்கக் கோழி கிளறிய மாதிரிப் போடுகிறேன். "சேட்டன்டெ ஒப்பு பண்டு சினிமா நடன்டெ போலெ ஆயிருன்னல்லோ" என்று, என் பழைய கையெழுத்து சினிமா நடிகருடையதைப் போல இருந்ததாகச் சொல்லி ஷைனி சிரித்தாள். பேங்க் மேனேஜர் அத்தாட்சி கொடுத்து அதைச் சரிசெய்வதற்குள் ஆறு மாதம் ஓடிற்று.

நடுவில் ஒருவன் போன் செய்தான், நினைவிருக்கிறதா? மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்தால் ஒரு மாதத்தில் மீட்டுத் தருகிறேன் என்றான். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீ வாசலை மறித்துக்கொண்டு, "நம்ம காசுக்கு நம்மளே மனு போட்டா கட்டணமே கெடையாது. பத்திரத்தாளு, தபாலு, அவ்வளவுதான் செலவு. பொறுத்தது பொறுத்தாச்சு, இன்னுங் கொஞ்சம் பொறுங்கப்பா" என்றாய். "நீ பொறுத்துக்கிட்டு மலையேறுவ, நான் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு உன் கஷ்டம் தாங்கவில்லை, அதைக் கோபமாகத்தான் சொல்லத் தெரிந்தது. உன் அம்மா குறுக்கே வந்து என் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "ஒங்க அவசரத்துக்குத்தான் இவ்வளவும். ஒக்காருங்க" என்றாள். உட்கார்ந்தேன். நல்லவேளை உட்கார்ந்தேன்.

போன வருஷம் கொழுந்து எடை போடுகிற இடத்திலிருந்து நீ ஓடி வந்தாயே, அந்த மத்தியானத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கூடை எங்கேயோ, செருப்பு எங்கேயோ. "வந்துருச்சுப்பா, வந்துருச்சு!" என்று போனை நீட்டினாய். எனக்குக் கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியவில்லை. என் பெயரில் நீ திறந்துவைத்த டீமேட் கணக்கில் ஆயிரம் பங்கு ஏறியிருந்தது. நூறு, போனஸில் இருநூறாகி, பிறகு கம்பெனி ஒரு பங்கை ஐந்தாகப் பிரித்ததில் ஆயிரமானதாம். இத்தனை வருஷ டிவிடெண்டும் பேங்கில் வந்து சேர்ந்தது. உன் அம்மா தரையில் உட்கார்ந்து, "மாரியாத்தா, எம் புள்ள கால்ல அட்ட கடிச்சது போதும்" என்று வாய்விட்டு அழுதாள். நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, ஓடிப்போய் அடுப்பில் பொங்கிக்கொண்டிருந்த பாலை இறக்கினேன் என்று மட்டும் ஞாபகம். மூன்று வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மிக்கல்லை யாரோ தூக்கி அந்தப்பக்கம் வைத்தது போல இருந்தது. அன்று ராத்திரி நான் தூங்கிய தூக்கத்தில் பக்கத்து வீட்டில் சத்தமாகக் கூட்டம் போட்டதே எனக்குத் தெரியாது.

பாதிப் பங்கை விற்று, பிந்தி வந்த உன் அம்மாவின் கிராஜுவிட்டியையும் சேர்த்து, வண்டிப்பெரியாரில் இந்தச் சின்ன வீட்டை முடித்தோம். மீதி ஐந்நூறு பங்கை நீ விற்கவிடவில்லை. இப்போது நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். திரும்ப வந்த பழைய டிவிடெண்டைக் காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன். அன்றன்றைக்கு என்ன தொகையோ அதே தொகை, ஒரு பைசா வட்டியில்லை. நான் வளர்கிறது என்று நம்பிய காசு இருபது வருஷத்துக்கு மேல் வைத்த இடத்திலேயே நின்றிருக்கிறது. வளர்ந்தது பங்குதான். டிவிடெண்டை அன்றன்றைக்கு எடுத்து இன்னும் பங்கு வாங்கியிருந்தால் அந்தப் பங்குகளும் இரட்டித்திருக்கும், ஐந்தாகப் பிரிந்திருக்கும், அவற்றுக்கும் டிவிடெண்ட் வந்திருக்கும். எவ்வளவு ஆகியிருக்கும் என்று ஷைனி கணக்குப் போட்டுத் தருகிறேன் என்றாள். வேண்டாம் தாயே என்று கும்பிட்டுவிட்டு வந்தேன்.

ஆகவே கேட்டுக்கொள். டிவிடெண்ட் கம்பெனியிலிருந்து கிளம்பி உன் பேங்கில் வந்து நிற்கும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அங்கிருந்து அதைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் மறுபடி பங்காக்க வேண்டியது நீ. வந்த வாரமே செய். வைத்துக்கொண்டிருந்தால் புடவையாகும், பஸ் டிக்கெட்டாகும். போன தடவை வந்த டிவிடெண்டில் நான் ஆறு பங்கு வாங்கினேன், ஷைனி பக்கத்திலிருந்தாலும் பட்டனை அமுக்கியது நான். ஆறு என்று சிரிக்காதே, அடுத்த வருஷம் ஐந்நூற்றாறுக்கு வரும். முதல் சில வருஷம் ஒன்றும் தெரியாது, எதற்கு இந்த வேலை என்று தோன்றும். விட்டுவிடாதே. நிறைய டிவிடெண்ட் தருகிறான் என்பதற்காக மட்டும் ஒரு கம்பெனியை வாங்காதே, அவன் சம்பாதித்துத் தருகிறானா, சொத்தை விற்றுத் தருகிறானா என்று பார். எல்லாவற்றையும் ஒரே கம்பெனியில் போடாதே, எனக்கு வாய்த்தது அதிர்ஷ்டம், எல்லாப் பேரிங்கும் ஓடாது. விலாசம் மாறினால் சொல், பேங்க் மாறினால் சொல், வாரிசுப் பெயர் எழுதிவை. வருகிற கடிதம் புரியவில்லை என்றால் கேள். புரியாததைக் கேட்கிறவனுக்கு ஒரு நாள் வெட்கம், கேட்காதவன் மகளுக்கு மூன்று வருஷம்.

இன்னொன்று. டிவிடெண்ட் வந்த வாரத்தில் உனக்கோ உன் பிள்ளைக்கோ ஒரு நியாயமான ஆசை வந்தால், செலவு பண்ணு. அந்த ஒரு வருஷம் பங்கு வாங்காவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. உன் அம்மா அன்றைக்குச் சொன்னது சரி. காசை வளர்ப்பது பிள்ளைகளுக்காகத்தானே தவிர, பிள்ளைகளைக் காயப்போட்டு வளர்ப்பதற்கல்ல. இதை உனக்கு நேரில் நின்று சொல்லியிருக்கவேண்டும்: என்னை மன்னித்துவிடு, முத்து. நீ ஒரு வார்த்தை என்னைக் குத்திக்காட்டவில்லை. குத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வேலையை மறுபடி கேட்டு வாங்கி நீ பாலக்காட்டுக்கு பஸ் ஏறிய மறுநாள் லயத்து வீட்டுச் சாவியைக் கொடுக்க நானும் உன் அம்மாவும் எஸ்டேட் ஆபீஸுக்குப் போனோம். புது கிளார்க், சின்னப் பையன், கம்பம் பக்கத்துக்காரன். உன் ராஜினாமாவைக் கோப்பில் சேர்த்துவிட்டு, நம் வீட்டுப் பக்கத்தைத் திருப்பினான். என் தாத்தா பெயர், அதன்மேல் ஒரு கோடு. என் அப்பா, ஒரு கோடு. நான், உன் அம்மா, நீ. உன் பெயர் மேலும் கோடு போட்டுவிட்டுப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அடுத்து ஒங்க குடும்பத்துல யாரு பேருங்க ஐயா எழுதணும்?" என்றான். நான்கு தலைமுறையாக அந்தக் கேள்விக்கு ஒருவர் பெயரைச் சொல்லித்தான் நாங்கள் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறோம். "யாருமில்ல தம்பி" என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை, "என்னங்கய்யா?" என்று மறுபடி கேட்டான். எனக்கு முன்னால் உன் அம்மா மேஜைமேல் கையை ஊன்றி, ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "எங்க வீட்டுல இனி ஆள் இல்லன்னு எழுதுய்யா. நல்லா அழுத்தி எழுது."

அப்பா